இறங்கச் சொல்லாதவர்கள்

ஓடைக்கரந்தை உலகளந்தார் ஆண்கள் உயர்நிலைப்பள்ளியில் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த வெயிலுமுத்து, ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு நாளில், தலைமையாசிரியர் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சின்மேல் ஏறி நின்றான். ஏறச் சொன்னவர் இறங்கச் சொல்லாமலே செத்துப்போனார். அதனால் அவன் தம்பி கொம்பையா வளர்ந்து, படித்து, அதே பள்ளியில் வாத்தியாராகி, தலை நரைத்து, அதே அறைக்குத் தலைமையாசிரியராக வந்து உட்கார்ந்த நாளிலும், வெயிலுமுத்து அரும்பாத மீசையோடு அதே பெஞ்சில் நின்றுகொண்டிருந்தான்.

நடந்தது இவ்வளவுதான். மஞ்சநத்திப்பட்டியில் தம்பி கொம்பையாவுக்கு அம்மை போட்டிருந்தது. ஜின்னிங் பாக்டரிக்குப் பருத்தி ஏற்றி வந்த வண்டிக்காரர் ஒருவர் பள்ளி விடுதி வாசலில் வண்டியை நிறுத்தி, "ஒன் தம்பி அண்ணன் அண்ணன்னு அனத்திக்கிட்டே கெடக்கான்டே" என்று சொல்லிவிட்டுப் போனார். வெயிலுமுத்து சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு, லீவு கேட்க மழையில் மைதானத்தைக் குறுக்காகக் கடந்து ஓடினான். கரிசல் மண் லேசில் விடுகிற மண் இல்லை. வராந்தாவில் வந்து ஏறியபோது அவன் காலுக்கு ஒரு படி சேறு அப்பியிருந்தது. வராந்தாவை அப்போதுதான் கழுவி விட்டிருந்தார்கள்.

தலைமையாசிரியர் திருவேங்கடநாதன் கெட்டவர் இல்லை. தரை அழுக்காவது மட்டும் அவருக்குப் பொறுக்காது. "ஏலே, சேத்துக்காலோட எங்க வாரே? அந்தப் பெஞ்சுல ஏறி நில்லு. தரை காயட்டும். நான் வந்து சொல்ற வரைக்கும் எறங்காதே" என்றார். வெயிலுமுத்து ஏறி நின்றான். அவர் உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார், மேசையிலிருந்த காப்பியைக் கையில் எடுத்தார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார்.

அதன்பிறகு வராந்தாவில் ஓடிய கால்கள் எல்லாம் சேற்றுக்கால்கள்தான். டாக்டர் வந்தார், பாடை வந்தது, மாலைகள் வந்தன, பையன்கள் வரிசையில் நின்று அழுதார்கள், பள்ளிக்கு விடுமுறை விட்டதும் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போனார்கள். பெஞ்சில் நின்றவனை எல்லோரும் பார்த்தார்கள். துக்கத்தில் ஓரமாக ஏறி நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். காரியமெல்லாம் முடிந்து பள்ளி திறந்த அன்று, தரை காய்ந்து வெகுநாளாகியிருந்தது, காலில் ஒட்டிய சேறும் காய்ந்து உதிர்ந்திருந்தது, வெயிலுமுத்து நின்றுகொண்டிருந்தான்.

இறங்கப் பார்த்தும் முடியவில்லை என்றான். பாதம் எழும்பவில்லை. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை, தூக்கம் நின்றபடியே வந்தது, மற்ற உபாதைகள் எல்லாம் அந்த மழையோடு அவனை விட்டுப் போய்விட்டன, பசி மட்டும் பாக்கி இருந்தது. பத்தாம் வகுப்புத் தடியன்கள் நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். கோயில் தூணைத் தூக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. தச்சர் வந்து பெஞ்சின் காலை அறுத்துப் பார்த்தார். ரம்பத்தின் பல்தான் போனது. உதவித் தலைமையாசிரியர் குரலைச் சரிசெய்துகொண்டு, "வெயிலுமுத்து, இறங்கு" என்றார். அவர் அப்போது பொறுப்பில்தான் இருந்தார், பதவியில் இல்லை. பெஞ்சுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது.

இதைப் பார்த்துப் பள்ளி பதறியிருக்க வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். உலகளந்தார் பள்ளியில் படித்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். அது மரபுகளால் கட்டிய பள்ளி. கரிசல் காட்டில் உழுது பிழைக்கிற சம்சாரிகளின் பிள்ளைகள் தங்கிப் படிக்கட்டும் என்று பாக்டரி முதலாளி உலகளந்தார் கட்டிவைத்த அந்த நீளக் கட்டடத்தில், விடியுமுன் மணியடித்தால் எழுந்து கிணற்றடித் தொட்டியில் வரிசையாகக் குளிப்பது மரபு. முதலாளியின் படத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு 'வந்தனம் ஐயா' சொல்வது மரபு. புதிதாய் வருகிற ஒவ்வொரு பையனும் பத்தாம் வகுப்பில் ஓர் அண்ணனுக்கு ஒதுக்கப்பட்டு, அவன் துணியைத் துவைத்து, அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவி, அவன் அடித்தால் வாங்கிக்கொண்டு, தான் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் தனக்கு ஒதுக்கப்பட்டவனை அதே இடத்தில் அடிப்பது மரபு. வீட்டை நினைத்து அழுகிறவனை 'பால்குடி' என்று கூப்பிடுவதும், அடுத்தவன் அழுகிறவரை அந்தப் பெயர் அவனை விட்டுப் போகாததும் மரபு. எல்லாவற்றையும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு நாள் தெரியாமல் செய்திருந்தார். அடுத்த ஆண்டும் செய்தார்கள். அதற்கடுத்த ஆண்டு கேள்வி கேட்டவன் பிரம்படி வாங்கினான். அவ்வளவையும் செரித்த வயிற்றுக்குப் பெஞ்சில் நிற்கிற பையன் ஒரு பாரமே இல்லை.

முதலில் வருகைப்பதிவு பற்றிக் கொஞ்சம் குழப்பம் இருந்தது. வகுப்பில் இல்லை, ஆனால் பள்ளியில் இருக்கிறான். ஆய்வுக்கு வந்த அதிகாரி யோசித்துவிட்டு, ஒருநாள்கூடத் தவறாமல் வருகிற மாணவனை வரவில்லை என்று எப்படிப் போடுவது என்று கேட்டார். அன்றிலிருந்து ஆண்டுவிழாவில், தவறாமல் பள்ளிக்கு வந்த மாணவனுக்கான வெள்ளிக் கோப்பை வெயிலுமுத்துவுக்கே கிடைத்தது. வாங்கி வைக்க இடமில்லாததால் தலைமையாசிரியர் அறை அலமாரியில் வைத்தார்கள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டது. பரீட்சைக்குப் போகிறவன் பேனாவை அவன் கையில் கொடுத்து வாங்கிப் போனான். கபடிக் குழு வெளியூருக்குக் கிளம்புகையில் அவன் பாதத்து மரத்தைத் தொட்டுக் கும்பிட்டது. பெஞ்சைச் சுற்றிப் பித்தளைக் கம்பி போட்டார்கள். தலைக்கு மேலே சுவரில் 'சொல் காத்தவன்' என்று கல்வெட்டு வைத்தார்கள். பள்ளிப் பாட்டில் அவனைப் பற்றி ஓர் அடி சேர்ந்தது. பொய் சொன்னதற்காகத் தலைமையாசிரியர் ஒரு பையனை நிறுத்தினார், குருவின் சொல்லே வேதம் என்று அவன் இன்றுவரை நிற்கிறான் என்று ஆண்டு மலரில் எழுதினார்கள். "நான் பொய் சொல்லலண்ணே, காலு சேறா இருந்துச்சு" என்று அதைப் படித்துவிட்டு வந்தவர்களிடமெல்லாம் வெயிலுமுத்து சொன்னான். அவனுக்குக் காது கேட்டது, வாய் பேசியது, யாரும் அவனிடம் கேட்கத்தான் இல்லை.

அப்பா இல்லாத பிள்ளைகளைத் தனியாக வளர்த்துவந்த அவன் அம்மா ஆவுடையம்மாள் செய்தி கேட்டுக் காட்டுவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். மகனின் காலைக் கட்டிக்கொண்டு இழுத்துப் பார்த்தாள், மஞ்சள்நீர் ஊற்றிப் பார்த்தாள், குலசாமிக்கு நேர்ந்துகொண்டு காசைத் துணியில் முடிந்து அவன் கையில் கட்டினாள். புதிய தலைமையாசிரியராக ஞானதிரவியம் வந்து சேர்ந்த அன்று, அவர் பெட்டியை இறக்கி வைக்குமுன் அவர் எதிரில் போய் நின்றாள்.

"ஐயா, எறங்குடான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. எம் பிள்ளை எறங்கிருவான்."

"சொல்றது லேசு தாயி. ஆனா இது பெரியவர் போட்ட உத்தரவு. நான் வந்ததும் வராததுமா அவர் பேச்சை மாத்தினா, இத்தனை பயலுகளும் எம்பேச்சை எப்படிக் கேப்பானுக?"

"அவரு மறந்துட்டாருய்யா. செத்துப்போனதுல மறந்துட்டாரு."

"மறந்தாரோ, யோசிச்சுத்தான் நிறுத்தினாரோ. நமக்கு எப்படித் தெரியும்?"

அவர் அதைச் சும்மா ஒரு சமாதானத்துக்குத்தான் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது சரியாகப் பட்டது. வராந்தாவில் அவன் நிற்கிற நாளிலிருந்து பையன்கள் சத்தமில்லாமல் நடக்கிறார்கள், பிரம்பை எடுக்கவே வேண்டியிருக்கவில்லை, விரலை நீட்டிப் பெஞ்சைக் காட்டினால் போதும் என்பதையும் அவர் கண்டுகொண்டார். ஓய்வு பெற்றுப் போகிறவரை அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. சொல்லிப் பார்த்து நடக்காமல் போயிருந்தால் ஆவுடையம்மாள் மனசைத் தேற்றியிருப்பாள். பதவிக்கு வந்த யாரும் சொல்லிப் பார்க்கவே இல்லை.

கொம்பையா அம்மை இறங்கி எழுந்து, அண்ணன் நின்ற வயதை எட்டுமுன்னே, அதே பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். நிற்கிறவனின் தம்பி என்று பள்ளியே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. அவனை எந்த அண்ணனுக்கும் ஒதுக்கவில்லை. யாரும் அவனை அடிக்கவில்லை. அவன் வீட்டை நினைத்து அழுதபோதும் யாரும் பால்குடி என்று சொல்லவில்லை. விளையாட்டு மணி அடித்ததும் மற்றவர்கள் மைதானத்துக்கு ஓட, அவன் பித்தளைக் கம்பிக்குள் நுழைந்து அண்ணன் காலடியில் உட்கார்ந்துகொள்வான். சனிக்கிழமைகளில் அம்மா இரண்டு தூக்குச்சட்டிகளோடு வருவாள். ஒன்று மூத்தவனுக்கு, ஒன்று இளையவனுக்கு. மூன்று பேரும் வராந்தாவில் இருந்து சோளச்சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிடுவார்கள். ஒருவன் மட்டும் நின்றுகொண்டு சாப்பிடுவான்.

"லீவு கேக்கத்தான் வந்தேன்டே" என்பான் வெயிலுமுத்து. "நீ அனத்துறேன்னு சொன்னாங்க. ரொம்ப அரிச்சுதா?"

"ஞாபகமில்லண்ணே."

"மூஞ்சியில தழும்பு இல்ல. நல்லவேளை."

எட்டாம் வகுப்பில் இருவரும் ஒரே உயரம் இருந்தார்கள். அந்த ஓர் ஆண்டு கொம்பையாவின் வாழ்க்கையில் நல்ல ஆண்டு. அடுத்த ஆண்டு அவன் சட்டை அண்ணனுக்குப் பெரிதாகிப்போனது. பத்தாம் வகுப்புப் பரீட்சை அன்று, தன் வகுப்புப் பையன்களோடு வரிசையில் வந்த கொம்பையா, கை தானாக நீள, பேனாவை அண்ணனிடம் நீட்டினான். வெயிலுமுத்து பேனாவையும் அவனையும் பார்த்தான். "நீயுமாடே?" என்று கேட்டான். ஆனாலும் வாங்கி, ஒரு நொடி பிடித்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். கொம்பையா பள்ளியில் முதலாவதாகத் தேறினான். அதற்குத் தான் படித்தது காரணமா, பேனா காரணமா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது. ஊருக்குச் சந்தேகமே இல்லை.

கொம்பையா வெளியூரில் பட்டம் வாங்கி வந்து உலகளந்தார் பள்ளியிலேயே கணக்கு வாத்தியாரானான். வேறு எங்கு போவான் என்று எல்லோரும் கேட்டார்கள். காக்கி அரைக்கால்சட்டை போய் நீலக் கால்சட்டை வந்தபோது பெஞ்சில் நின்றவனுக்கும் நீலம் தைத்து மாட்டினார்கள். ஜன்னல் வழியாக எட்டாம் வகுப்புப் பாடம் ஆண்டுதோறும் அவன் காதில் விழுந்தது. பாடப்புத்தகம் மாறியது, மாநிலங்கள் கூடின, அவன் கண் எதிரிலேயே ஒரு கிரகம் கிரகமில்லை என்று ஆனது. நேற்றைய தன் தோழர்கள் தொப்பையோடும் மகன்களோடும் வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். "இவன் என் பக்கத்துப் பாய்ல படுத்தவன்" என்று மகனிடம் காட்டினார்கள். வெயிலுமுத்து அவர்கள் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், மகனுக்கு முன்னால் கூச்சப்பட்டுச் சிரித்துவிட்டு நகர்ந்துபோனார்கள்.

தலைமையாசிரியர் நாற்காலி காலியானபோது உலகளந்தாரின் பேரன், பள்ளிச் செயலாளர் மீனாட்சிநாதன், கொம்பையாவைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். மெதுவாகப் பேசுகிற, யாரையும் நீ என்று சொல்லாத மனிதர்.

"உங்களைத்தான் போடணும்னு கமிட்டியில சொல்லிட்டேன் சார். உங்களைவிட யாரு அவனைப் பாத்துக்கிடுவா?"

"ஐயா, நான் தலைமையாசிரியரானா..."

"தெரியும். எறங்கச் சொல்லலாம். யாரும் தடுக்கப்போறதில்லை. ஒண்ணு மட்டும் யோசிங்க. இத்தனை வருஷமும் அந்தப் பெஞ்சுதான் அவனைத் தாங்கியிருக்கு. எறங்கின நிமிஷத்துல இத்தனை வயசும் மொத்தமா வந்து அவன்மேல விழுந்தா? பிள்ளை தாங்குமா? அம்மா தாங்குவாங்களா?"

கொம்பையா அதுவரை அதை யோசித்ததில்லை. அன்றிலிருந்து அதைத் தவிர எதையும் யோசிக்க முடியவில்லை. அது பயமா, பயத்தின் சட்டையைப் போட்டுக்கொண்ட வேறு ஏதாவதா என்று பிரித்துப் பார்க்கவும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

அவர் பதவியேற்ற அன்று ஆவுடையம்மாள் புதுச்சேலை கட்டி, தலையில் பூ வைக்காத குறையாக, மஞ்சநத்திப்பட்டியிலிருந்து வந்திருந்தாள். மூத்தவனுக்கு ஒரு வேட்டி சட்டை மடித்துக் கையில் வைத்திருந்தாள். மாலை போட்டார்கள், கைதட்டினார்கள், எல்லோரும் கலைந்தார்கள். அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று காத்திருந்தாள். கொம்பையா மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"அம்மா, கொஞ்சம் பொறு. டாக்டர் யாரையாவது கேட்டுட்டுச் செய்யலாம்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"கொம்பையா" என்றான் வெயிலுமுத்து மேலேயிருந்து. "இப்ப நீதானே ஹெட்மாஸ்டர்?"

"ஆமாண்ணே."

"அப்ப சொல்லேன்."

"சொல்றேண்ணே. இந்த வருஷம் சேர்க்கை முடியட்டும். உன்னைப் பாக்கத்தான் பாதிப்பேரு வாரான்."

வெயிலுமுத்து முகத்தை மைதானத்தின் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு, "சரி சார்" என்றான்.

அடுத்த சனிக்கிழமை அம்மா வந்தபோது கையில் ஒரே ஒரு தூக்குச்சட்டி இருந்தது. அறை ஜன்னல் வழியாகக் கொம்பையா பார்த்தார். அவள் மூத்தவனுக்கு ஊட்டிவிட்டாள், சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள், அவன் காலைத் தடவிக்கொடுத்தாள், அறைப் பக்கம் திரும்பாமலே போனாள். அந்தச் சனிக்கிழமை மட்டும் இல்லை, அதன்பிறகு வந்த எல்லாச் சனிக்கிழமைகளிலும் அப்படித்தான்.

சேர்க்கை முடிந்தது, புதுக் கட்டடத்துக்கு அனுமதி வரவேண்டியிருந்தது. கட்டடம் வந்தது, மேல்நிலைப்பள்ளியாக்குகிற பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதுவும் முடிந்தபோது நூற்றாண்டு விழா கண்ணுக்கெட்டிய தூரத்தில் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் காரணம் உண்மையானதாகத்தான் இருந்தது. கொம்பையா நல்ல தலைமையாசிரியர் என்று பெயர் வாங்கினார். பையன்களை அடிக்க மாட்டார். அடிக்க வேண்டிய தேவை அவருக்கும் வரவில்லை. தினமும் காலையில் அறைக்குள் நுழையுமுன் பெஞ்சுக்கு முன்னால் நின்று, "சாப்பிட்டியா?" என்று கேட்பார். "சாப்பிட்டேன் சார்" என்பான் அண்ணன்.

நூற்றாண்டு விழாவுக்குப் பந்தல்கால் நட்டிருந்த சமயத்தில் ஆவுடையம்மாள் படுத்துவிட்டாள். பக்கத்து வீட்டு மச்சான் முறைக்காரர் ராமலிங்கம் பள்ளிக்கு வந்தார்.

"கண்ணு மங்கிட்டு மாப்ளே. சோறுதண்ணி எதுவும் எறங்க மாட்டேங்கு. பெரியவனை ஒருதரம் கூட்டியாரச் சொல்லுதா."

"விழா முடிஞ்ச மறுநாள் நானே கூட்டிட்டு வாரேன்னு சொல்லுங்க மச்சான்."

"சொல்லுதேன்" என்றார் ராமலிங்கம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அவ விழாவுக்குக் காத்திருப்பாளான்னு தெரியல."

விழா அன்று பந்தலில் உட்கார இடமில்லை. பழைய மாணவர்கள் எங்கெங்கோ இருந்து வந்திருந்தார்கள். பெரிய அதிகாரி ஒருவர் வந்து பித்தளைக் கம்பிக்குப் பதிலாகப் போட்டிருந்த வெள்ளிப்பூச்சுக் கம்பியைத் திறந்துவைத்தார். வெயிலுமுத்துவின் கழுத்தில் விழுந்த மாலைகளால் அவன் முகமே தெரியவில்லை. இடையிடையே ஒருவர் வந்து அவனுக்கு மூச்சுவிட மாலைகளை எடுத்துவிட்டுப் போனார். கொம்பையா மரபின் பெருமை பற்றிப் பேசினார். நன்றாகப் பேசினார். பேசி முடித்து மேடையிலிருந்து இறங்குகையில் ராமலிங்கம் பந்தல் ஓரத்தில் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டார். தோளில் கிடக்க வேண்டிய துண்டு கையில் இருந்ததைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அவர் நேராகப் பெஞ்சுக்குப் போனார். பழைய மாணவர்கள் போட்டோவுக்கு வரிசை கட்டியிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு போய் அண்ணன் கழுத்திலிருந்த மாலைகளைக் கழற்றினார்.

"அண்ணே, எறங்குண்ணே. அம்மா போயிட்டா."

வெயிலுமுத்துவின் கண் நிறைந்தது. காலை எடுக்கப் பார்த்தான்.

"வரலியே."

"எறங்குண்ணே."

"அண்ணேன்னு சொன்னா ஆகாது போலிருக்கு" என்றான் அவன், அழுதுகொண்டே. "ஹெட்மாஸ்டரா சொல்லுங்க சார்."

கொம்பையா நிமிர்ந்தார். அவருக்குப் பழக்கமான, மைதானத்தின் மறுகோடிவரை கேட்கிற குரல் ஒன்று இருந்தது. அந்தக் குரலில், "எட்டாம் வகுப்பு வெயிலுமுத்து, இறங்கு" என்றார்.

அவன் இறங்கினான். மாடிப்படியின் கடைசிப் படியிலிருந்து இறங்குகிறவன்போல் சாதாரணமாக இறங்கினான். வயது எதுவும் வந்து விழவில்லை. தோல் சுருங்கவில்லை. ஒரு நொடி தடுமாறி, தரையில் பாதத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டான், அவ்வளவுதான். இத்தனை ஆண்டுகளும் எந்த நாளிலும், எந்தக் காலையிலும், அம்மா சோறு ஊட்டிக்கொண்டிருந்த எந்தச் சனிக்கிழமையிலும் அது இவ்வளவு லேசாக நடந்திருக்கும் என்பதைக் கொம்பையா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப லீவு உண்டுமா சார்?" என்று கேட்டான் வெயிலுமுத்து.

மஞ்சநத்திப்பட்டியில் பிணத்தைக் குளிப்பாட்டி வைத்துக் காத்திருந்தார்கள். காரிலிருந்து பையன் இறங்கி வந்ததைப் பார்த்து ஊர் வாயடைத்துப் போய்விடவில்லை. பெண்கள் அவனைப் பிடித்துக் கட்டிக்கொண்டு அழுதார்கள், வளரவே இல்லையே என் ராசா என்று ஒப்பாரியில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள். சுடுகாட்டில்தான் பேச்சு வந்தது. அம்மாவுக்கு இளைய மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். கொம்பையா மொட்டை போட்டுக்கொள்ளத் துண்டை விரித்து உட்காரப்போனார். ஊர்ப் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு அவர்களில் ஒருவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"தம்பி, நீங்க பெறப்புல இளையவரு. இல்லேங்கல. ஆனா இன்னைக்கு வயசுல எது இளையதுன்னு சாமிக்கும் சனத்துக்கும் தெரியுது. அவ கடைசிவரைக்கும் சோறு ஊட்டுனது அந்தப் பிள்ளைக்குத்தான்."

யாரும் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கணக்கு அப்படித்தான் வந்தது. தண்ணீர்க்குடத்தை வெயிலுமுத்துவின் சின்னத் தோளில் ஏற்றினார்கள். அவன் மூன்று சுற்றும் தடுமாறாமல் சுற்றி வந்தான்; நிற்பதிலும் தாங்குவதிலும் அவனுக்குப் பழக்கம் அதிகம். மொட்டைத் தலையோடு அவன் கொள்ளி வைக்குமுன் கொம்பையா உறவுக்காரர்களோடு வரிசையில் நின்று வாய்க்கரிசி போட்டார்.

காரியம் முடிந்து அவர் பள்ளிக்குத் திரும்பியபோது மீனாட்சிநாதன் வராந்தாவில் காத்திருந்தார். அவர் கோபப்படவில்லை. துக்கம் விசாரித்தார். பிறகு பெஞ்சைப் பார்த்து, "காலியா இருக்கிறது கண்ணுக்கு நல்லால்ல சார்" என்றார். கேட்டுக்கு வெளியே நாலைந்து தகப்பன்மார் பிள்ளைகளுக்குத் தலைசீவி, திருநீறு பூசி, கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். நிறுத்துவதானால் தங்கள் பிள்ளையை நிறுத்தவேண்டும் என்று கேட்டார்கள். ஒருவர் தன் மகனின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, "இவன் சொன்ன பேச்சு கேப்பான் சார்" என்றார்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார் மீனாட்சிநாதன்.

"மாட்டேன்யா" என்றார் கொம்பையா. தன் வாழ்நாளில் அந்த வராந்தாவில் அந்தச் சொல்லை அவர் அப்போதுதான் முதன்முதலாகச் சொன்னார். அறைக்குள் போய்த் தன் பேனாவையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவரை யாரும் தடுக்கவில்லை.

அவருக்குப் பின் வந்தவர் நிறுத்தினார். தலைசீவி வந்த பையன் முதல் பீரியடு முடியுமுன் கால் வலிக்கிறது என்று குதித்துவிட்டான். இரண்டாமவனுக்கு மயக்கம் வந்தது. அற்புதம் யாருக்கும் வாய்க்கவில்லை. அதற்காகப் பள்ளி வருத்தப்படவும் இல்லை. பீரியடுக்கு ஒருவன் என்று முறை வைத்துக்கொண்டார்கள், முறை வருகிறவன் வீட்டிலிருந்து அன்று பையன்களுக்கெல்லாம் மிட்டாய் வந்தது, பேனாக்களைப் பிடித்துக்கொடுக்க ஒரு கை இருந்தது, பள்ளிப் பாட்டிலிருந்த அந்த அடியை எடுக்க வேண்டியிருக்கவில்லை. மரபுக்கு வெயிலுமுத்து தேவைப்பட்டதே இல்லை என்பது அவன் போன பிறகுதான் தெரிந்தது.

கொம்பையா அண்ணனைத் தன்னோடு வைத்துக்கொண்டார். வெயிலுமுத்து வளர ஆரம்பித்திருந்தான். அம்மா இருந்த வீட்டில் அவன் படுத்துத் தூங்கப் பழகினான். முதலில் சுவரில் சாய்ந்தபடி, பிறகு ஒருக்களித்து. கொம்பையா சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டான், கேட்டதற்குப் பதில் சொன்னான், அவர் உள்ளே வந்தால் எழுந்து நின்றான். "உக்காருண்ணே" என்பார். அவர் வேறு பக்கம் திரும்பும்வரை நின்றுவிட்டுப் பிறகு உட்காருவான். அண்ணே என்று அவர் கூப்பிடுவதற்கு மட்டும் அவன் பதில் சொல்வதில்லை. வெயிலுமுத்து என்று கூப்பிட்டால், "சார்" என்று உடனே வருவான்.

ஜூன் மாதம் அவர் அவனை டவுனில் உள்ள அரசுப் பள்ளிக்கு ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க அழைத்துப் போனார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தார். அவன் மேல்உதட்டில் லேசாகக் கறுப்பு ஓடியிருந்தது. சேர்க்கைக்கு உட்கார்ந்திருந்த ஆசிரியை வெளியூர்ச் சின்னப்பெண். பெஞ்சுக் கதையெல்லாம் கேள்விப்படாதவள். பையனின் பெயரைக் கேட்டாள், ஊரைக் கேட்டாள், அப்பா அம்மா இருக்கிறார்களா என்று கேட்டாள். இரண்டு பேரும் இல்லை என்று அவனே சொன்னான். அவள் முகம் இளகியது. பக்கத்தில் நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டு அவனிடம் கேட்டாள்.

"இவங்க உனக்கு யாருப்பா? தாத்தாவா?"

வெயிலுமுத்து திரும்பிக் கொம்பையாவைப் பார்த்தான். அவன் பார்வையில் கோபம் இல்லை. சரியான விடையைச் சொல்ல வேண்டும் என்கிற, நல்ல மாணவனின் கவனம்தான் இருந்தது.

"இல்ல டீச்சர்" என்றான். "எங்க ஹெட்மாஸ்டர்."

அவள் பெரியவர் ஏதாவது திருத்திச் சொல்வார் என்று சிறிது நேரம் காத்திருந்தாள். அவர் ஆமென்று தலையை ஆட்டினார். அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.